கழிமுகத்துக்கு வந்த நைட்ரஜன் யார் வீட்டு நைட்ரஜன்? வாக்வாய்ட் வளைகுடா கேஸ்

ஐசோடோப் லேப்ல (ஒரே தனிமத்துல எடை மட்டும் வித்தியாசப்படற அணுக்களை அளக்கற இடம்) வேலை பாக்குறதால மாசத்துக்கு ரெண்டு பேராவது ஐஸ் பெட்டியில அஞ்சாறு பாட்டில் தண்ணியோட வந்து நிப்பாங்க. "சார், இதுல இருக்கற நைட்ரேட் சாக்கடையா உரமான்னு மட்டும் சொல்லிடுங்க, ரிப்போர்ட்ல ஒரு வரி போடணும்"னு கேப்பாங்க. அவங்க எல்லாருக்கும் நான் சொல்ற கேஸ் ஒண்ணுதான், அமெரிக்காவுல இருக்கற வாக்வாய்ட் வளைகுடா. வாயால சொல்லும்போது பாதி விட்டுப்போயிடுது, அதனால முழுசா எழுதி வச்சிடலாம்னு உக்காந்துட்டேன். நீளமாத்தான் இருக்கும், ஏன்னா இந்தக் கேஸோட அருமையே அவங்க அவசரப்படாம பண்ணதுலதான் இருக்கு.

மாசசூசெட்ஸ் மாநிலத்துலேருந்து கடலுக்குள்ள முழங்கையை மடக்கி நீட்டின மாதிரி போற நிலம்தான் கேப் காட். அதோட தெக்குக் கரையில, ஃபால்மவுத், மாஷ்பீன்னு ரெண்டு ஊர் எல்லையில இருக்கு வாக்வாய்ட். ஆழம் ரொம்பக் கம்மி, சராசரியா ஒரு மீட்டர், பல இடத்துல இறங்கி நடந்தே போயிடலாம். அதுக்குள்ள சின்னச் சின்ன கழிமுகங்கள் வந்து சேருது, சைல்ட்ஸ் ஆறு, குவாஷ்நெட் ஆறு, சேஜ் லாட் குளம், ஹாம்ப்ளின் குளம், ஜெஹு குளம் இப்படி. 1988லேருந்து இது தேசிய கழிமுக ஆராய்ச்சிக் காப்பகம்.

1951ல வானத்துலேருந்து எடுத்த படங்கள்ல இந்த வளைகுடாவுல ஈல்கிராஸ்ங்கற கடல்புல் அடர்த்தியா தெரியுது. அதுக்கப்புறம் ஒவ்வொரு பத்து வருஷத்துப் படத்துலயும் புல் சுருங்கிட்டே வந்து, 1990கள் தொடக்கத்துல பெரும்பகுதி காலி. அந்த இடத்துல கிளாடோஃபோரா, கிராசிலேரியான்னு ரெண்டு வகைக் கடல்பாசி மெத்தை மாதிரி அடியில படிஞ்சு போச்சு. புல் போனதும் ஸ்காலப் மட்டியும் போச்சு, ஏன்னா அந்த மட்டியோட குஞ்சுங்க புல்லோட இலையிலதான் ஒட்டிக்கிட்டு வளரும். கோடைக்காலத்துல வெயில் இல்லாம மூடாப்பு போட்ட நாளுக்கு அடுத்த விடியக்காலையில தண்ணியில ஆக்சிஜன் சுத்தமா தீர்ந்து மீன் செத்து மிதக்கற அளவுக்குப் போச்சு. பாசிக்கு ராத்திரி பூரா மூச்சு விட ஆக்சிஜன் வேணும், முந்தின நாள் வெளிச்சம் இல்லாததால தயாரிச்சு வைக்கல, தண்ணியும் சூடா இருந்து ஆக்சிஜன் பிடிக்காது, எல்லாம் ஒண்ணா சேரும்போது விடிஞ்சா மீன் கரையில கிடக்கும்.

நைட்ரஜன் அதிகமானதுதான் காரணம்னு யாருக்கும் பெரிய சந்தேகம் இல்ல. கடல் ஓரத்துல பாசி வளர்றதுக்குப் பெரும்பாலும் நைட்ரஜன்தான் தட்டுப்பாடு, அது கிடைச்சா போதும். சந்தேகம் எங்கன்னா, அந்த நைட்ரஜன் எங்கேருந்து வருதுங்கறதுலதான். இங்க கழிவு கொட்டுற பெரிய குழாய் கிடையாது, ஆலை கிடையாது, சாக்கடை கலக்கற ஆறு கிடையாது. கை நீட்டி இதுதான்னு காட்ட ஒரு இடமும் இல்ல.

மண்ணைப் பாத்தாத்தான் விஷயம் புரியும். கேப் காட் பூரா பனியாறு உருகி ஓடினப்போ கொட்டிட்டுப் போன மணல். மழை பெஞ்சா மேல ஓடாது, நேரா உள்ள இறங்கிடும். கழிமுகத்துக்கு நல்ல தண்ணி வர்றதே பெரும்பாலும் நிலத்தடி வழியா கரையோர மணல்ல ஊறி வெளிய வர்றதுதான். வீடுகளுக்கு செப்டிக் டேங்க். டேங்க்லேருந்து தெளிஞ்ச தண்ணி ஓட்டை போட்ட குழாய் வழியா மணலுக்குள்ள போகும், அதுல இருக்கற அம்மோனியம் காத்தோட்டமான மணல்ல நைட்ரேட்டா மாறும், நைட்ரேட் மண்ணுல எதுலயும் ஒட்டாது, தண்ணி போற வேகத்துலயே போகும். பாஸ்பரஸ் அப்படி இல்ல, மணல்ல இருக்கற இரும்புப் பூச்சுல பிடிபட்டு நின்னுடும். அதனாலதான் இங்க நைட்ரஜன் பிரச்சனையா வந்து நிக்குது.

சந்தேகப்பட வேண்டிய ஆளுங்க மூணு பேர். ஒண்ணு செப்டிக் டேங்க். ரெண்டு உரம், வீட்டுப் புல்தரை, கோல்ஃப் மைதானம், கிரான்பெரி தோட்டம் எல்லாத்துக்கும் போடறது. மூணாவது வானம், கார்லயும் மின் நிலையத்துலயும் எரியறதுல வர்ற நைட்ரஜன் ஆக்சைடு மழையோட இறங்கறது. மூணாவதைப் பத்தி ஊர்ல யாரும் பேச மாட்டாங்க, ஆனா முக்கியமானது.

வீட்டை எண்ணினாங்க

வுட்ஸ் ஹோல் ஃபால்மவுத்துக்குள்ளயே இருக்கற கிராமம், அங்க இருக்கற மரைன் பயலாஜிகல் லேபரட்டரியில போஸ்டன் பல்கலைக்கழகத்தோட கடல் பிரிவு இயங்குச்சு. அதுல பேராசிரியர் ஐவன் வாலியேலா. அவரும் அவர் குழுவும் ஐசோடோப்பை மட்டும் நம்பி உக்காரல. இன்னொரு பக்கம் சாதாரண கணக்கு போட்டாங்க. நீர்ப்பிடிப்புப் பகுதியில எத்தனை வீடு, ஒரு வீட்டுல எத்தனை பேர், ஆளுக்கு வருஷத்துக்கு சுமார் 4.8 கிலோ நைட்ரஜன், புல்தரை எவ்வளவு, உரம் எவ்வளவு, மழையில எவ்வளவு, காடு எவ்வளவைப் பிடிச்சுக்கும், நிலத்தடியில எவ்வளவு வாயுவா போயிடும், கரையிலேருந்து 200 மீட்டருக்குள்ள இருக்கற வீட்டோட கழிவு நிலத்தடியில குறைய நேரமே இருக்காதுங்கறது வரைக்கும் போட்டு ஒரு மாடல் பண்ணாங்க. 1997ல வெளியாச்சு.

அந்தக் கணக்குல எனக்குப் பிடிச்ச இடம் இதுதான். நீர்ப்பிடிப்பு நிலத்து மேல வந்து விழற நைட்ரஜன்ல 56 சதவீதம் வானத்துலேருந்து, 27 சதவீதம் வீட்டுக் கழிவு, 14 சதவீதம் உரம். இதோட நிறுத்தியிருந்தா "காத்து மாசுதான் காரணம், எங்க டேங்க்கைத் தொடாதீங்க"ன்னு எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பாங்க. ஆனா வழியில என்ன ஆகுதுன்னு பாத்தாங்க. வானத்துலேருந்து வந்ததுல 89 சதவீதம் காடும் மண்ணும் பிடிச்சுக்குது, உரத்துல 79 சதவீதம் வழியிலேயே குறைஞ்சிடுது, கழிவுல 65 சதவீதம்தான் அப்படிக் குறையுது, ஏன்னா கழிவு மண்ணுக்கு அடியிலேயே விடப்படுது, வேரும் இலையும் அதைத் தொடவே முடியாது. கடைசியில கழிமுகத்துக்கு வந்து சேர்றதுல கழிவு 48 சதவீதம், வானம் 30, உரம் 15. வரிசையே மாறிப் போச்சு. எது அதிகமா விழுதுங்கறது ஒரு கேள்வி, எது அதிகமா வந்து சேருதுங்கறது வேற கேள்வி, இந்த ரெண்டையும் குழப்பிக்கிட்டு எழுதின எத்தனையோ ரிப்போர்ட்டை நான் பாத்திருக்கேன்.

ஆனா இது மாடல். ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னாடி ஒரு ஊகம் இருக்கு. செப்டிக் டேங்க்தான் முதல் காரணம்னு சொன்னா ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் பெரிய செலவு வரும், மாடல்ல ஒரு எண்ணை மாத்தினா முடிவு மாறிடும்னு எதிர்த்தரப்பு சொல்லும், சொல்றதுல தப்பும் இல்ல. அப்போ மாடலோட சம்பந்தமே இல்லாத இன்னொரு சாட்சி வேணும்.

ஐசோடோப் சாட்சி

நைட்ரஜன் அணுவுல ரெண்டு வகை, எடை 14, எடை 15. காத்துல இருக்கற நைட்ரஜன்ல ஒரு லட்சம் அணு எடுத்தா சுமார் 366தான் 15. டெல்டா மதிப்புன்னு சொல்றது காத்தோட ஒப்பிட்டா கனமானது ஆயிரத்துல எவ்வளவு கூட குறையங்கறதுதான், அதனால அலகு பெர் மில். +10 பெர் மில்னு ஒரு சாம்பிள் வந்தா என்ன அர்த்தம்னு யோசிச்சுப் பாருங்க, ஒரு லட்சத்துல 366 இருக்க வேண்டிய இடத்துல 370 இருக்கு. அந்த நாலு அணு வித்தியாசத்தை வச்சுத்தான் ஒரு ஊரோட செப்டிக் டேங்க்கைப் பிடிக்கறோம்.

உரம் தொழிற்சாலையில காத்து நைட்ரஜன்லேருந்து செய்யறது, அதனால பூஜ்யத்துக்குப் பக்கத்துலயே நிக்கும், பொதுவா -3லேருந்து +3க்குள்ள. கழிவு அப்படி இல்ல. சிறுநீர்ல இருக்கற யூரியா அம்மோனியாவா மாறும்போது லேசான 14 முதல்ல ஆவியாகிப் போயிடும், மிச்சம் இருக்கறது கனமாகும், அப்புறம் நைட்ரேட்டானதும் அதுல கொஞ்சத்தை பாக்டீரியா வாயுவா மாத்தும், அப்பவும் லேசானதுதான் முதல்ல போகும், மிச்சம் இன்னும் கனமாகும். கடைசியா நிலத்தடிக்கு வந்து சேர்ற கழிவு நைட்ரேட் +10லேருந்து +20 வரைக்கும் இருக்கும். கடைசி வரைக்கும் சாறு எடுத்த கரும்புச் சக்கை மாதிரி, எது சுலபமா போகுமோ அது போனதுக்கப்புறம் மிஞ்சினது.

ஜேம்ஸ் மெக்லெலண்ட் அப்போ வாலியேலாகிட்ட ஆராய்ச்சி மாணவர். போஸ்டன் பல்கலைக்கழக ஐசோடோப் லேப்ல ராபர்ட் மிச்னர். இவங்க மூணு பேரும் 1997லயும், மெக்லெலண்டும் வாலியேலாவும் 1998லயும் வெளியிட்ட கட்டுரைகள்தான் இந்தக் கேஸோட முதுகெலும்பு.

கேஸ் அமைச்ச விதத்தைப் பாருங்க. ஒரே வளைகுடா, ஒரே கடல் தண்ணி, ஒரே மணல், ஒரே வெயில். மாறுறது ஒண்ணே ஒண்ணு, ஒவ்வொரு கழிமுகத்துக்கும் பின்னாடி இருக்கற வீடுகளோட எண்ணிக்கை. சைல்ட்ஸ் ஆத்துக்குப் பின்னாடி வீடு மேல வீடு. குவாஷ்நெட் நடுவுல. சேஜ் லாட் குளத்துக்குப் பின்னாடி பெரும்பாலும் காடு, நைட்ரஜன் வரத்தும் சைல்ட்ஸ் ஆத்தோட ஒப்பிட்டா பல மடங்கு கம்மி, கடல்புல் அங்க இன்னும் உயிரோட இருந்துச்சு. இயற்கையே ஏணிப்படி மாதிரி ஒரு சோதனையை வரிசையா அடுக்கி வச்சிருந்த இடம் அது. இந்த மாதிரி இடத்தைத் தேடிப் பிடிக்கறதுலேயே பாதி வேலை முடிஞ்சிடும்.

நிலத்தடி நீரை அளந்தாங்க. கழிவோட பங்கு மொத்த நைட்ரஜன்ல 4 சதவீதமா இருக்கற இடத்துல டெல்டா -0.9. பங்கு 86 சதவீதமா இருக்கற இடத்துல +14.9. நடுவுல இருக்கறதெல்லாம் நடுவுல. வீட்டை எண்ணிப் போட்ட கணக்கும் அணுவை எண்ணிப் போட்ட கணக்கும் ஒரே கோட்டுல வந்து உக்காந்துச்சு. இந்த ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாத்து எழுதினது இல்ல, அங்கதான் எனக்கு இந்தக் கேஸ் மேல மரியாதை.

அதோட நிக்கல. கழிமுகத்துல இருக்கற கடல்பாசி, ஈல்கிராஸ், சதுப்புல வளர்ற புல், தண்ணியில மிதக்கற துகள் எல்லாத்தையும் அளந்தாங்க, வீடு அதிகமாக அதிகமாக எல்லாமே கனமாச்சு. அப்புறம் அதைத் தின்னற மட்டி, மீன். தின்னற உயிருக்கு அதோட சாப்பாட்டை விட சுமார் 3 பெர் மில் கூடும், அது எல்லா இடத்துலயும் நடக்கறது. அந்தக் கூடுதலையும் தாண்டி சைல்ட்ஸ் ஆத்து உணவுச் சங்கிலி முழுசுமே சேஜ் லாட் சங்கிலிக்கு மேல தூக்கி வச்ச மாதிரி நின்னுச்சு. அடியில பாசியிலேருந்து மேல மீன் வரைக்கும் ஒரே முத்திரை. யாரோ ஒருத்தர் வீட்டுக் கழிவுநீர் மணல்ல இறங்கி, கரையில ஊறி வெளிய வந்து, பாசிக்குள்ள போய், மட்டிக்குள்ள போய் சதையாவே ஆயிடுச்சுங்கறதுக்கு இதை விட நேரடியான சாட்சி கிடையாது.

தண்ணிக்குப் பதிலா செடியை ஏன் அளக்கணும்? தண்ணி சாம்பிள் அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் சொல்லும். அலை ஏறினா ஒரு எண், இறங்கினா ஒரு எண், நேத்து மழை பெஞ்சிருந்தா வேற எண். பாசி பல நாள் தின்னதைச் சேத்து வச்சிருக்கும், மட்டி பல மாசத்தைச் சேத்து வச்சிருக்கும். இன்னொண்ணு, கழிமுகத்துல நைட்ரேட் வந்த உடனே பாசி உறிஞ்சிடும், தண்ணியில அளந்தா ஒண்ணுமே இல்லாத மாதிரி காட்டும், "சுத்தமான தண்ணி"ன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க, ஆனா அடியில பாசி முழங்கால் அளவு கிடக்கும்.

இதுலேருந்து இன்னொரு விஷயமும் 1997 ஐசோடோப் கட்டுரையில வருது. நைட்ரஜன் வரத்து கம்மியா இருக்கற நிலையிலேயே, கடல்புல் சாகறது மாதிரி கண்ணுக்குத் தெரியற சேதம் வர்றதுக்கு முன்னாடியே செடியோட டெல்டா நகர ஆரம்பிச்சிடுது. முன்கூட்டியே மணி அடிக்கற மாதிரி. புல் செத்ததுக்கப்புறம் காரணம் தேடறதை விட இது எவ்வளவோ மேல்.

மேசையில நடக்கறது

இந்த எண்கள் எப்படி வருதுன்னு கொஞ்சம் கிட்டப் போய் பாக்கலாம், ஏன்னா பாதி தப்பு இங்கதான் நடக்குது. ஈல்கிராஸ் இலையை எடுத்தா அது மேல வழவழன்னு ஒரு படலம் இருக்கும், நுண்பாசி, வண்டல், சின்னச் சின்ன புழுக்கூடு. அதைச் சுரண்டாம அரைச்சா நீங்க புல்லை அளக்கல, புல் மேல குடியிருக்கற கூட்டத்தை அளக்கறீங்க. இலையைக் கண்ணாடி மேல படுக்க வச்சு பிளேடோட முதுகால ரெண்டு பக்கமும் வழிச்சு எடுக்கணும், பழுப்பா ஒரு கூழ் திரண்டு வரும், அது போனதும் இலை பளிச்சுனு பச்சையாத் தெரியும். நல்ல தண்ணியில அலசி, 60 டிகிரியில காய வச்சு, மாவா அரைச்சு, ஒரு சில மில்லிகிராம் எடைபோட்டு வெள்ளீயத்துல செஞ்ச குட்டிக் கிண்ணத்துல வச்சு மடிக்கணும், மடிச்சா மிளகு சைஸ்ல ஒரு உருண்டை. அது 1000 டிகிரிக்கு மேல இருக்கற உலையில விழுந்து பளிச்சுனு எரியும், நைட்ரஜன் வாயுவா வெளிய வந்து மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள்ள போகும், 28 எடை மூலக்கூறையும் 29 எடை மூலக்கூறையும் தனித்தனியா எண்ணும். நடுநடுவுல மதிப்பு தெரிஞ்ச ஸ்டாண்டர்டு ஓட்டணும், உதாரணத்துக்கு சர்வதேச அணுசக்தி முகமையோட (ஐஏஇஏ) என்-1 +0.4, என்-2 +20.3. ஒழுங்கா ஓட்டினா 0.2 பெர் மில் அளவுக்கு நம்பலாம்.

தண்ணியில இருக்கற நைட்ரேட்டுக்கு இப்போ பாக்டீரியா முறை இருக்கு, 2001லேருந்து. நைட்ரேட்டைத் தின்னு நைட்ரஸ் ஆக்சைடு வரைக்கும் மாத்திட்டு அதுக்கு மேல போகத் தெரியாத பாக்டீரியாவை வளர்த்து அதுகிட்ட சாம்பிளைக் கொடுக்கறது. ரொம்பக் கொஞ்சம் நைட்ரேட் போதும், 2002லேருந்து ஆக்சிஜன் ஐசோடோப்பும் அதே ஓட்டத்துல கிடைக்குது.

ஒரு தடவை கழிமுகத் தண்ணி வடிகட்டாம, ஐஸ் உருகி ரெண்டு நாள் பஸ்ல வந்து சேந்துச்சு. எடுத்தவங்க களத்துலயே கிட் வச்சு நைட்ரேட் பாத்து எழுதி வச்சிருந்தாங்க, லேப்ல பாத்தா அதுல பாதி கூட இல்ல. பாட்டிலுக்குள்ளயே மிதவைப் பாசி தின்னுடுச்சு. பாசி லேசான 14ஐத்தான் முதல்ல எடுக்கும், மிச்சம் இருக்கறது கனமாகும், அதை அப்படியே ஓட்டியிருந்தா "சாக்கடை"ன்னு அழகா ஒரு ரிசல்ட் வந்திருக்கும். ஓட்ட மாட்டேன்னு திருப்பி அனுப்பினேன், அவங்களுக்கு வருத்தம்தான், மூணு நாள் படகு வாடகை போச்சு. இன்னைக்கும் அந்த வருத்தம் எனக்கும் இருக்கு, ஆனா அந்த எண்ணை வெளிய விட்டிருந்தா இன்னும் பெரிய தப்பு. எடுத்த இடத்துலயே வடிகட்டி, உடனே உறைய வைக்கணும், இதுல சமரசமே கிடையாது.

எங்க ஏமாந்து போவோம்

ஐசோடோப் மட்டும் வச்சு சதவீதம் சொல்றவங்களைப் பாத்தா எனக்குப் பயமா இருக்கும். கணக்கு எளிமையாத்தான் இருக்கும், ரெண்டு மூலம், நடுவுல சாம்பிள், எது எவ்வளவு தூரம்னு பாத்து பங்கு பிரிக்கறது. சும்மா ஒரு உதாரணத்துக்கு, சாம்பிள் +5, உரம் 0, கழிவு +10ன்னு வச்சா கழிவோட பங்கு பாதி. அதே கழிவை +20ன்னு வச்சா பங்கு கால்தான். கழிவு +10லேருந்து +20 வரைக்கும் எங்க வேணா இருக்கலாம்னு மேல சொன்னேன் இல்லையா, அப்போ புத்தகத்துலேருந்து ஒரு எண்ணை எடுத்துப் போட்டா பாதியா காலாங்கறதை நீங்களே முடிவு பண்ணிட்டீங்கன்னு அர்த்தம். உங்க ஊர் செப்டிக் டேங்க்குக்குக் கீழ இருக்கற தண்ணியை நீங்களே அளக்கணும், வேற வழி இல்ல.

இதை விடப் பெரிய குழி, நைட்ரேட் வாயுவா மாறுறது, டீநைட்ரிஃபிகேஷன். ஆக்சிஜன் இல்லாத சேத்துல பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கும், லேசானது முதல்ல. லேசானதையும் கனமானதையும் எவ்வளவு பிரிக்குதுங்கற அளவு 15 பெர் மில்னு வச்சுக்கிட்டா, நைட்ரேட்ல பாதி வாயுவா போனதும் மிச்சத்தோட டெல்டா சுமார் 10 கூடிடும். அதாவது 0ல ஆரம்பிச்ச சுத்தமான உர நைட்ரேட் சேத்து வழியா வந்தா +10ல நின்னு கழிவு வேஷம் போட்டுக்கும். உரம் போட்டவர் தப்பிச்சுடுவார், டேங்க் வச்சவர் மாட்டுவார். இதைக் கண்டுபிடிக்கத்தான் ஆக்சிஜன் ஐசோடோப் வேணும், வாயுவா போற வழியில நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேந்து கனமாகும், நைட்ரேட் அளவும் கூடவே இறங்கும். மழையிலேருந்து நேரா வந்த நைட்ரேட்டும் ஆக்சிஜன்ல மாட்டிக்கும், அதோட மதிப்பு +60க்கும் மேல போகும், வேற எதுக்கும் அப்படி வராது. ஆனா அம்மோனியம் உரமும் கழிவும் ரெண்டும் மண்ணுல நைட்ரேட்டா மாறும்போது ஒரே தண்ணியிலேருந்தும் ஒரே காத்துலேருந்தும் ஆக்சிஜன் எடுக்கும், அங்க ஆக்சிஜன் உதவாது. அப்போ போரான் ஐசோடோப்பைப் பாக்கணும், இல்லேன்னா செயற்கை இனிப்பு மாதிரி மனுஷன் வயித்து வழியா வர்ற தடயங்களைத் தேடணும், அசிசல்ஃபேம், சுக்ரலோஸ் ரெண்டும் செப்டிக் டேங்க்கைத் தாண்டியும் தாக்குப் பிடிக்கும், வயலுக்கு யாரும் அதைப் போட மாட்டாங்க.

இந்த முறையோட வரலாறே ஒரு சண்டையிலதான் ஆரம்பிச்சுது. 1971ல டேனியல் கோல், பேரி காமனர் ரெண்டு பேரும் ஜார்ஜியா ஷியரரோட சேந்து இல்லினாய் மாநிலத்து சங்கமன் ஆத்து நைட்ரேட்டை ஐசோடோப்ல அளந்து, அதுல பாதிக்கும் மேல உரத்துலேருந்து வந்ததுன்னு சயின்ஸ் இதழ்ல எழுதினாங்க. அடுத்த வருஷமே மண் விஞ்ஞானிகள் கூட்டமா எதிர்த்து எழுதினாங்க, மண்ணுக்குள்ள நடக்கற மாற்றத்துல ஐசோடோப் மாறிடும், மண்ணோட சொந்த நைட்ரஜன் எங்க போச்சுன்னு. எதிர்ப்புல நியாயம் இருந்துச்சு. கேள்வி சரியானது, ஆனா இல்லினாய் கரிசல் மண்ணு அந்தக் கேள்விக்கு லாயக்கான இடம் இல்ல.

வாக்வாய்ட் ஏன் ஜெயிச்சதுங்கறது இதுலயே இருக்கு. மணல், சேறு கம்மி, நிலத்தடியில ஆக்சிஜன் பல இடத்துல மிச்சம் இருக்கு, அதனால நைட்ரேட் போட்ட முத்திரை அதிகம் அழியாம கரை வரைக்கும் வந்துச்சு. மாட்டுப் பண்ணை பெருசா கிடையாது, சாணி நைட்ரேட்டும் கழிவு நைட்ரேட்டும் ஒரே மாதிரி கனம், ரெண்டும் சேந்து இருக்கற ஊர்ல நைட்ரஜன் ஐசோடோப்பால பிரிக்கவே முடியாது. மாடு அதிகமா இருக்கற ஆத்து டெல்டா கிராமத்துல இதே முறையை அப்படியே தூக்கிட்டு வந்தா பதில் வராது.

குழாய் இருக்கற ஊர்ல இது எப்படி வேலை செஞ்சுதுன்னு பாக்கணும்னா ஆஸ்திரேலியாவுல பிரிஸ்பேன் பக்கத்து மோர்டன் வளைகுடாவைப் பாக்கலாம். அங்க கேட்டனெல்லான்னு ஒரு சிவப்புப் பாசியை ஓட்டை போட்ட டப்பாவுல வச்சு வளைகுடா பூரா மிதக்கவிட்டு நாலு நாள் கழிச்சு எடுத்து அளந்தாங்க, சுத்திகரிப்பு நிலையம் இருக்கற ஆத்து வாய்ல கனம் அதிகம், தள்ளிப் போகப் போகக் கம்மி, கழிவு எவ்வளவு தூரம் பரவுதுன்னு ஒரு வரைபடமே கிடைச்சுது. 2001ல வந்த வேலை அது. நிலையத்தை மேம்படுத்தினதுக்கப்புறம் திரும்ப அளந்தப்போ அந்தப் பரப்பு சுருங்கியிருந்துச்சு.

கண்டுபிடிச்சதுக்கப்புறம்

வாக்வாய்ட்ல யார்னு தெரிஞ்சு இவ்வளவு வருஷம் ஆச்சு, சரியாச்சான்னு கேப்பீங்க. வாலியேலா குழு 1990களையும் 2010களையும் ஒப்பிட்டு 2016ல எழுதினாங்க. காத்து மாசுச் சட்டங்களால வானத்துலேருந்து விழற நைட்ரஜன் நல்லாவே குறைஞ்சிருக்கு. அதே காலத்துல வீடு கூடி கழிவு கூடியிருக்கு. ஒண்ணு குறைஞ்சதை இன்னொண்ணு தின்னுடுச்சு, மொத்த வரத்து பெருசா மாறல. நாடு முழுக்க சேந்து செஞ்ச ஒரு நல்ல காரியத்தோட பலன் இந்தச் சின்ன வளைகுடாவுக்கு வந்து சேராமப் போனதைப் படிச்சப்போ மனசு கஷ்டமா இருந்துச்சு.

மாநில அரசு 2023ல செப்டிக் விதியைத் திருத்திச்சு. நைட்ரஜனால பாதிக்கப்படற நீர்ப்பிடிப்புப் பகுதியில ஊராட்சி 20 வருஷம் வரைக்குமான ஒரு திட்டம் போட்டு அனுமதி வாங்கணும், இல்லேன்னா வீட்டுக்காரங்க நைட்ரஜன் குறைக்கற டேங்க்குக்கு மாறணும். ஊருங்க பாதாளச் சாக்கடை போட ஆரம்பிச்சிருக்கு, மாஷ்பீ ஊர் நைட்ரஜனைக் குறைக்கறதுக்காகவே மட்டியும் சிப்பியும் வளர்க்குது. வளைகுடா ஓரத்துல மரத்தூளும் மரச் சில்லும் நிரப்பின சுவர் ஒண்ணை மணல்ல புதைச்சும் பாத்தாங்க, நிலத்தடி நீர் அது வழியா வரும்போது பாக்டீரியா நைட்ரேட்டை வாயுவாக்கிடும்.

அந்தச் சுவரைப் பத்தி ஒரு எச்சரிக்கை சொல்லணும். சுவர் ஒழுங்கா வேலை செஞ்சா அதைத் தாண்டி வர்ற நைட்ரேட் அளவு குறையும், ஆனா மிச்சம் இருக்கறதோட டெல்டா ஏறும், ஏன்னா லேசானது வாயுவா போயிடுச்சு. நல்லா நைட்ரஜன் நீக்கற சுத்திகரிப்பு நிலையத்துக்கும் இதே கதைதான். டெல்டாவை மட்டும் பாக்கறவர் "மாசு கூடிடுச்சு"ன்னு எழுதுவார், உண்மையில குறைஞ்சிருக்கும். டெல்டா யார்னு சொல்லும், எவ்வளவுன்னு சொல்லாது, அளவைத் தனியா அளந்து பக்கத்துல வச்சுத்தான் படிக்கணும்.

பொறுமை வேணுங்கறதும் மணல்லேயே எழுதியிருக்கு. பக்கத்துல இருக்கற ராணுவத் தளத்துல 1936லேருந்து 1995 வரைக்கும் சுத்திகரிச்ச கழிவுநீரை மணல் படுகையில விட்டாங்க, அது நிலத்தடியில பல கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நாக்கு மாதிரி நீண்டு போயிருக்கு. அந்த இடத்துல அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் 1985ல புரோமைடு உப்பைத் தடயமா விட்டு வேகத்தை அளந்தாங்க, ஒரு நாளைக்கு 0.42 மீட்டர். வருஷத்துக்கு 150 மீட்டர்னு வச்சுக்கலாம். அப்போ கரையிலேருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருக்கற வீட்டுக்கு இன்னைக்கு சாக்கடை இணைப்பு கொடுத்தாலும் அந்த வீட்டோட பழைய நைட்ரேட் இன்னும் 10 வருஷம் கரையில ஊறி வந்துட்டே இருக்கும். முதல்ல கரையோர வீடுகளோட முத்திரை குறையும், அப்புறம் அடுத்த வரிசை, அப்புறம் அதுக்கும் பின்னாடி. அத்தனை வருஷமும் யாராவது ஒருத்தர் கோடைக்கோடைக்கு இடுப்பளவு தண்ணியில இறங்கி அதே இடத்துல அதே பாசியைப் பறிச்சு, சுரண்டி, காய வச்சு அளந்துட்டே இருக்கணும்.